மூலப்பொருளுக்கும் பொருளுக்கும் நடுவே: சிறுவர் பகுதி குறித்து ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் அண்மையில் வெளியான 'எதிலிருந்து எது?' என்ற பொருத்துக பயிற்சியைப் பார்த்தேன். இடப்பக்கம் மரம், பருத்திச் செடி, மணல், கச்சா எண்ணெய், தாதுக்கல் ஆகியவற்றின் படங்கள். வலப்பக்கம் நோட்டுப் புத்தகம், சட்டை, கண்ணாடிக் குவளை, பிளாஸ்டிக் வாளி, அலுமினியப் பாத்திரம். இரண்டையும் கோடு போட்டு இணைத்துவிட்டால் பயிற்சி முடிந்துவிடுகிறது. அதில் பிழையான தகவல் எதுவும் இல்லை. ஆனால் ஆறேழு வயதுக் குழந்தை எதைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறதோ, அது அந்த ஒற்றைக் கோட்டுக்குள் மறைந்து போய்விட்டது. மணல் எப்படிக் கண்ணாடி ஆயிற்று என்று கேட்கும் குழந்தைக்கு, மணலிலிருந்துதான் கண்ணாடி வருகிறது என்று மறுபடியும் சொல்வது பதிலாகாது. இந்தக் குறை தங்கள் பகுதிக்கு மட்டும் உரியதன்று. தொடக்கப்பள்ளிப் பயிற்சி ஏடுகளிலும் சிறுவர் படப் புத்தகங்களிலும் இதே வடிவந்தான் காலங்காலமாக வந்துகொண்டிருக்கிறது. ஒரு வாயில் மரத்துண்டு நுழைய, மறுவாயில் தைத்துக் கட்டிய நோட்டு வெளிவரும் பெட்டி இயந்திரத்தின் படத்தைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது.

தொடக்க வகுப்புகளில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. நடுவில் நடக்கும் வேலை குழந்தைகளுக்குப் புரியாது என்று நாம்தான் முடிவு கட்டுகிறோம். கழுவுவது, ஊறவைப்பது, அரைப்பது, வடிகட்டுவது, உருக்குவது, பிசைவது, முறுக்குவது, உலர்த்துவது ஆகியவை குழந்தை தினமும் கண்ணால் பார்க்கிற, பலவற்றைத் தன் கையாலேயே செய்து பார்த்திருக்கிற செயல்கள். மிகப் பெரிய ஆலைகளில் நடப்பவையும் பெரும்பாலும் இவற்றின் விரிவுதான். எனவே எதை எடுத்துவிட்டார்கள், எதைச் சேர்த்தார்கள், அதனால் என்ன மாறிற்று என்று வரிசையாகச் சொன்னால் சிறு குழந்தையால் தடையின்றிப் பின்தொடர முடியும். வேதியியல் பெயர்கள் ஒன்றிரண்டு இடையில் வந்தால் குழந்தைகள் மிரள்வதில்லை. டைனோசர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவர்களுக்கு 'லிக்னின்' என்ற நான்கெழுத்து ஒலி ஒரு பாரமா?

காகிதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மரத்துக்குள் தலைமுடியைவிட மெல்லிய இழைகள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்று முதல் சில மில்லிமீட்டர் வரைதான் நீளம் இருக்கும். செல்லுலோஸ் என்ற பொருளை முதன்மையாகக் கொண்ட இந்த இழைகளை, செங்கற்களுக்கு நடுவே சாந்து இருப்பதைப்போல, லிக்னின் என்ற வேறொரு பொருள் இறுகப் பிணைத்து வைத்திருக்கிறது. காகிதம் வேண்டுமானால் முதலில் அந்தப் பிணைப்பை விடுவிக்க வேண்டும். மரத்தின் பட்டையை உரித்து, தண்டைச் சிறு சில்லுகளாக வெட்டி, காஸ்டிக் சோடா முதலான வேதிப்பொருள்கள் கலந்த நீரில், மூடிய பெருங்கலனுக்குள், ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வேகவைக்கிறார்கள். லிக்னின் கரைந்து வெளியேற, இழைகள் தனித்தனியே பிரிந்து கூழாகின்றன.

நல்ல ஆசிரியர் இந்த இடத்தில் சற்று நின்று, 'அப்படியானால் மீதி எங்கே போயிற்று?' என்று கேட்பார். இம்முறையில் மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் கூழாகக் கிடைக்கிறது. கரைந்துபோன மறுபாதி, வேகவைத்த வேதிப்பொருள்களோடு சேர்ந்து கருநிறத் திரவமாக வடிகிறது. அதிலுள்ள நீரை வற்றச் செய்து, கெட்டியான அந்தத் திரவத்தை ஆலையின் கொதிகலனிலேயே எரித்து, ஆலையை ஓட்டத் தேவையான நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். எஞ்சியதிலிருந்து வேதிப்பொருள்களின் பெரும்பகுதியை மீட்டு மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பொருளும் மாயமாய் மறைந்துவிடுவதில்லை, எங்கோ ஓரிடத்துக்குப் போய்ச் சேர்கிறது என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் பதிவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை. பொருத்துக பயிற்சியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

கூழைத் தட்டிப் பரப்பினால் காகிதம் ஆகிவிடாது. அதில் ஏராளமான நீரைச் சேர்த்து, 100 பங்கில் 99 பங்குக்கும் மேல் நீராகவே இருக்கும்படி கரைத்து, வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் நுண்ணிய வலையின்மேல் பரப்புகிறார்கள். நீர் வலையின் வழியே கீழே வடிந்துவிட, இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. ஈரத்தாளை உருளைகளுக்கு நடுவே செலுத்திப் பிழிந்து, பிறகு நீராவியால் சூடேற்றிய உருளைகளின்மேல் ஓடவிட்டு உலர்த்துகிறார்கள். நீர் விலக விலக இழைகள் நெருங்கி வந்து ஒன்றையொன்று தாமாகவே பற்றிக்கொள்கின்றன; அந்தப் பற்றுக்குத் தனியாகப் பசை சேர்க்க வேண்டியதில்லை. காகிதம் நனைந்தால் ஏன் பிய்ந்துபோகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பற்றிக்கொண்ட இழைகளுக்கு நடுவே நீர் மறுபடியும் புகுந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் ஆலைக்குப் போகாமலேயே குழந்தை சரிபார்த்துக்கொள்ள முடியும். படித்து முடித்த செய்தித்தாளில் ஒரு தாளை மேலிருந்து கீழாக ஒரு முறையும், இடமிருந்து வலமாக ஒரு முறையும் கிழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு திசையில் கிழிசல் ஏறக்குறைய நேராகப் போகும். மற்றத் திசையில் கோணல்மாணலாக இழுத்துக்கொண்டு போகும். ஓடும் வலையின்மேல் படியும்போது இழைகளில் பல, அந்த ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிட்டதுதான் காரணம். கிழிந்த விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால், பூனை முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் தெரியும். மரத்துக்குள் இருந்தவை அவைதான். ஆறு வயதுக் குழந்தை அந்த விளிம்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதை வகுப்பறையில் கண்டிருக்கிறேன்.

இன்னொரு சோதனையும் உண்டு. செய்தித்தாள் காகிதத்தில், வேகவைக்காமல் மரத்தை அரைத்தே எடுத்த கூழ் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அதில் லிக்னின் நீங்காமல் தங்கிவிடுவதால், வெயில் பட்டால் காகிதம் மஞ்சளாகிறது. ஒரு தாளின் நடுவே தடித்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்து, வெயில் விழும் சன்னல் ஓரத்தில் சில நாள்கள் விட்டுவைத்தால், அட்டை மறைத்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கும். அதே இடத்தில் வெள்ளை நோட்டுத் தாளையும் வைத்துப் பார்த்தால், ஒன்றில் எதை நீக்கினார்கள், மற்றொன்றில் எதை விட்டுவைத்தார்கள் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

காகிதம் என்றாலே மரம் என்ற இணைப்பும் முழு உண்மையன்று. சீனாவில் பொ.ஆ. 105-இல் காய் லுன் என்ற அரண்மனை அலுவலர் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையை அரசருக்குத் தெரிவித்தார் என்பது வரலாறு. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கந்தல் துணிதான் காகிதத்தின் முதன்மையான மூலப்பொருளாக இருந்தது. மரத்திலிருந்தே காகிதம் செய்யலாம் என்ற எண்ணத்துக்குக் குளவி ஒரு தூண்டுதல். மரநாரைச் சுரண்டி, வாயில் மென்று, காகிதத்தை ஒத்த கூட்டைக் குளவிகள் கட்டுவதைக் கூர்ந்து கவனித்த ரெனே ரொமூர் என்ற பிரெஞ்சு அறிஞர், 1719-இல் அதைத் தம் நாட்டு அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். குழந்தைகளுக்கு இந்தக் குளவிக் கதையைச் சொல்லிப் பாருங்கள்; அடுத்த நாள் காகிதத்தைப் பற்றி அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

பருத்தியில் வேறு விதமான வியப்பு இருக்கிறது. பருத்தி இழை ஒவ்வொன்றும் விதையின் மேல்தோலில் இருக்கும் ஒரே ஒரு செல் நீண்டு வளர்ந்து உண்டானது. அதன் நீளம் பெரும்பாலும் 2 முதல் 3 சென்டிமீட்டர்தான். அவ்வளவு குட்டையான இழைகளிலிருந்து, பல நூறு மீட்டர் நீளம் ஓடுகிற நூல் எப்படிக் கிடைக்கிறது? முறுக்கினால் கிடைக்கிறது. சிறிது பஞ்சைக் குழந்தையின் கையில் கொடுத்து, மெல்ல இழுத்துக்கொண்டே விரல்களால் முறுக்கச் சொல்ல வேண்டும். முறுக்காமல் இழுத்தால் பஞ்சு நழுவிப் பிரிந்துவிடும். முறுக்கிக்கொண்டே இழுத்தால் இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து இறுகி நூலாக நிற்கும். அந்த நூலையே எதிர்ப்பக்கம் திருகினால் மறுபடியும் பஞ்சாகிவிடும். பழைய துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி முறுக்கைப் பிரித்துப் பார்த்தாலும் இதேதான் நடக்கும். சட்டைக்குள் செடி இருக்கிறது என்பதைக் குழந்தை தன் விரல்களாலேயே அறிந்துகொள்ளும் தருணம் அது.

வயலுக்கும் நூலுக்கும் நடுவே நடப்பதையும் சொல்ல வேண்டும். பறித்த பருத்தியில் பஞ்சைவிடக் கொட்டைதான் எடை அதிகம். மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொட்டைக்கே போய்விடும். பருத்தி அரவை ஆலையில் கொட்டையை நீக்கி, பஞ்சைப் பொதியாக இறுக்கிக் கட்டி, நூற்பாலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே தூசி நீக்கி, சிக்கெடுத்துச் சீவி, இழைகளை ஒரே திசையில் படியவைத்து, இழுத்து மெலிதாக்கி, முறுக்கி நூற்கிறார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களுக்கு மேலும் கீழுமாக ஊடை நூல் புகுந்து புகுந்து வரும்போது துணி உருவாகிறது. பனியன் துணி ஏன் இழுத்தால் நீள்கிறது, சட்டைத் துணி ஏன் நீளாது என்று ஒரு குழந்தை கேட்டால், இரண்டையும் பூதக்கண்ணாடியின் அடியில் வைத்துவிடலாம். சட்டைத் துணியில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நூல்களும், பனியனில் ஒன்றுக்குள் ஒன்று கோத்த கண்ணிகளும் தெரியும். 'மீதி எங்கே போயிற்று?' என்ற கேள்விக்கும் இங்கே நல்ல பதில் உண்டு. கொட்டையை ஆட்டினால் எண்ணெய் கிடைக்கிறது. பிண்ணாக்கு மாட்டுத் தீவனமாகிறது.

கண்ணாடியைக் குழந்தை செய்து பார்க்க முடியாது என்பதாலேயே அதைப் பற்றி இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும். மணலை உருக்கினால் கண்ணாடி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தூய சிலிக்கா மணல் தனியாக உருக வேண்டுமானால் ஏறக்குறைய 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வளவு வெப்பத்தை உண்டாக்குவது கடினம் என்பதால், சோடியம் கார்பனேட் என்ற சோடாவை மணலோடு சேர்த்தார்கள்; கலவை அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே இளகியது. ஆனால் மணலும் சோடாவும் மட்டும் கலந்து செய்த கண்ணாடியை நீர் கரைத்துவிடும். அதைத் தடுக்கச் சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்தார்கள். ஒரு சிக்கல், அதற்கு ஒரு தீர்வு, அந்தத் தீர்விலிருந்து பிறந்த இன்னொரு சிக்கல், அதற்கும் ஒரு தீர்வு என்று நகரும் இந்த வரலாற்றில் குழந்தைகள் விரும்பும் கதையின் எல்லா அம்சங்களும் இருக்கின்றன. மணலையும் கண்ணாடியையும் கோடு போட்டு இணைக்கிறவர்கள் சோடாவையும் சுண்ணாம்பையும் விட்டுவிடுவதால் அந்தக் கதையே காணாமல் போகிறது.

உருகிய கண்ணாடியைக் குவளையாகவும் புட்டியாகவும் ஆக்குவதற்கு, தேன் பதத்தில் இருக்கும் ஒரு கட்டியை அச்சுக்குள் இட்டுக் காற்றை ஊதுகிறார்கள். கண்ணாடிப் புட்டியின் பக்கவாட்டில் நகத்தை மெல்ல ஓட்டினால், மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு தட்டுப்படும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம் அது. சன்னல் கண்ணாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் பச்சைச் சாயல் தெரியும். மணலில் சிறிதளவு கலந்திருந்த இரும்பு தந்த நிறம் அது. சன்னல் கண்ணாடி எப்படி அவ்வளவு சமதளமாக இருக்கிறது என்பதும் சொல்லத் தக்கது. முற்காலத்தில் தடித்த கண்ணாடிப் பலகையை இரு பக்கமும் தேய்த்து மெருகேற்றினார்கள். இங்கிலாந்தில் அலாஸ்டர் பில்கிங்டன் என்பவர் 1950-களில் பாடுபட்டு உருவாக்கி, 1959-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட முறையில், உருகிய வெள்ளீயம் நிரம்பிய நீண்ட தொட்டியின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிடுகிறார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். கண்ணாடி அதைவிட மிக அதிகமான வெப்பத்திலேயே கெட்டியாகிவிடும். எனவே அடியில் வெள்ளீயம் திரவமாகவே இருக்க, மேலே மிதக்கும் கண்ணாடி தானாகவே சமமாகப் பரவி, உறைந்து, தகடாக வெளியே வருகிறது. உலோகத்தின்மேல் கண்ணாடி மிதக்கிறது என்றதும் குழந்தைகளின் முகம் எப்படி மாறும் என்பதை நேரில் பார்க்க வேண்டும்.

பென்சிலைப் பற்றிக் குழந்தைகள் ஏறக்குறைய எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மரத்துக்குள் கருப்புக் குச்சியை எப்படி நுழைத்தார்கள்? யாரும் நுழைக்கவில்லை. மரப்பலகையில் வரிசையாகப் பள்ளக் கோடுகள் வெட்டி, அவற்றில் குச்சிகளைப் படுக்கவைத்து, அதேபோல் பள்ளம் வெட்டிய மற்றொரு பலகையை மேலே வைத்து ஒட்டி, பிறகு தனித்தனிப் பென்சில்களாக அறுக்கிறார்கள். வண்ணம் பூசாத பென்சிலின் முனையை உற்றுப் பார்த்தால் இரு பாதிகள் ஒட்டிய கோடு தெரியும். அந்தக் கருப்புக் குச்சி கிராஃபைட் தூளும் களிமண்ணும் கலந்து, சூளையில் சுட்டது. பிரான்சின் நிக்கோலா ழாக் கோன்ட்டே 1795-இல் காப்புரிமை பெற்ற முறை அது. களிமண் கூடினால் எழுத்து மெலிதாகவும் குச்சி கடினமாகவும் இருக்கும். கிராஃபைட் கூடினால் கருமையாகவும் மென்மையாகவும் இருக்கும்.

சோப்பில் குழந்தைகளைத் திகைக்கவைக்கும் ஒரு முரண் உண்டு. கையில் ஒட்டிய எண்ணெயைப் போக்குகிற சோப்பு, எண்ணெயிலிருந்தே செய்யப்படுகிறது. எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேரும்போது இரண்டும் வினைபுரிந்து சோப்பும் கிளிசரினும் ஆகின்றன; பழைய எண்ணெயும் அங்கில்லை, பழைய சோடாவும் அங்கில்லை. பஞ்சு நூலாவதற்கும் எண்ணெய் சோப்பாவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த இடத்தில் எளிதாகக் காட்டிவிடலாம். நூலைப் பிரித்தால் மறுபடியும் பஞ்சு கிடைக்கும். சோப்பைக் கரைத்தால் எண்ணெய் கிடைக்காது. ஆனால் காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் புண்ணாக்கக்கூடியது என்பதால், வீட்டில் செய்து பார்க்கும் பகுதியில் சோப்பு ஒருபோதும் இடம்பெறக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பிளாஸ்டிக்கைப் பற்றிச் சிறுவர் பக்கங்களில் வரும் படங்களில் பல என்னை வருத்தப்படவைக்கின்றன. கச்சா எண்ணெய் டைனோசர்களின் உடலிலிருந்து வந்தது என்று வரைகிறார்கள். அது தவறு. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலில் வாழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உயிரினங்களின் எச்சங்கள் கடலடிச் சேற்றில் புதைந்து, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறியதால் உண்டானதே பெரும்பாலான கச்சா எண்ணெய். கண்ணுக்குத் தெரியாதவற்றின் கதை டைனோசர் கதையைவிடக் குறைந்த சுவை உடையதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த எண்ணெயைச் சூடாக்கி, எடை குறைந்த பகுதிகளையும் எடை மிகுந்த பகுதிகளையும் பிரிக்கிறார்கள். பிரித்ததில் ஒரு பகுதியை மேலும் சூடாக்கி உடைத்தால் எத்திலீன் என்ற வாயு கிடைக்கிறது. அந்த வாயுவின் நுண்துகள்களை ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்தால் பாலித்தீன் ஆகிறது. இங்கிலாந்தின் ஓர் ஆய்வுக்கூடத்தில் 1933-இல் வேறொன்றைத் தேடும்போது எதிர்பாராமல் கிடைத்தது அது. மணிமணியாக வரும் அந்த பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தினால் வாளி. வாளியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு சிறு புள்ளி மேடாக இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாசல் அதுதான். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் காகிதத்தையும் பருத்தியையும் சிதைத்துவிடுகின்றன, இந்த நீண்ட சங்கிலிகளை அவற்றால் எளிதில் சிதைக்க முடிவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைத்தான் குறிக்கிறது. அந்த எண் இருப்பதாலேயே அது மறுசுழற்சிக்குப் போய்விடும் என்று பெரியவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுசுழற்சி என்று பொதுவாகச் சொல்லி எல்லாப் பொருள்களுக்கும் ஒரே அம்புக்குறி வட்டத்தை வரைவதும் சரியன்று. உடைந்த கண்ணாடியை உலையில் இட்டால் மறுபடியும் கண்ணாடியே கிடைக்கும், அதுவும் புதுக் கலவையைவிடக் குறைந்த வெப்பத்தில். பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்த ஆகும் ஆற்றல், தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான். ஏனெனில் தாதுவிலிருந்து பெற்ற அலுமினா என்ற வெண்தூளிலிருந்து உலோகத்தைப் பிரிக்கப் பெருமளவு மின்சாரம் வேண்டும். காகிதமோ ஒவ்வொரு முறையும் கரைத்துக் கூழாக்கும்போது இழைகள் குட்டையாகிக்கொண்டே போகும். சில சுற்றுகளுக்குப் பிறகு புது இழை சேர்க்காமல் முடியாது. நடுவில் நடக்கும் வேலையை முதலிலேயே அறிந்த குழந்தைக்கு இந்த வேறுபாடுகளை விளக்க நீண்ட நேரம் ஆவதில்லை.

படங்களில் வரும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் மனிதர்களே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பருத்தி பறிப்பவர், தறியில் அறுந்த நூலைக் கண்டுபிடித்து முடிபோடுபவர், கண்ணாடி உலையின் வெப்பத்தருகே நின்று பார்வையிடுபவர், காகித ஆலையில் தாள் அறுந்த நொடியில் ஓடிச் சென்று மறுபடியும் உருளைகளுக்குள் சேர்ப்பவர் ஆகிய எல்லோரும் அந்தப் பொருளின் வரலாற்றில் இருக்கிறார்கள். ஆளில்லாத இயந்திரத்தைப் பார்த்து வளரும் குழந்தை, பொருள்கள் தாமே உண்டாகின்றன என்றுதான் எண்ணும். தன் பெற்றோரில் ஒருவர் அப்படிப்பட்ட ஆலையில் வேலை செய்கிறார் என்றால், அந்தக் குழந்தைக்கு வகுப்பில் பெருமையோடு பேச ஒரு பக்கம் கிடைக்க வேண்டாமா?

பெரிய அறிஞர்கள் இதைத் தங்கள் தகுதிக்குக் குறைந்த வேலையாக நினைத்ததில்லை. லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் கால விரிவுரைகள் தொடங்கின. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் பாரடே அங்கே பல ஆண்டுகள் சிறுவர்களுக்காகப் பேசினார். 1860-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய விரிவுரை வரிசை முழுவதையும் ஒரே ஒரு மெழுகுவத்தியைப் பற்றியே நிகழ்த்தினார். மெழுகுவத்தியை எதிலிருந்து, எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் அவர் தொடங்கினார். ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல், முழுவதும் சொல்லும் அந்த முறையைத்தான் தங்கள் சிறுவர் பகுதியிடமும் எதிர்பார்க்கிறேன்.

எனவே ஒரே பக்கத்தில் பத்துப் பொருள்களை அடுக்குவதைக் கைவிட்டு, வாரத்துக்கு ஒரு பொருள் என்று எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். எழுதுபவர் அந்தத் தொழிலில் இருப்பவர் ஒருவரிடமாவது பேசிவிட்டு எழுதட்டும். அவர்கள் வாயில் வழங்கும் சொற்களே குழந்தைகளுக்கும் எளிதில் ஒட்டும். இடைநிலைப் பொருள்களின் படங்கள் கட்டாயம் வேண்டும். மரச்சில்லு, கூழ், ஈரத்தாள், பஞ்சுப் பொதி, பிளாஸ்டிக் மணி ஆகியவற்றைப் பெரியவர்களிலேயே பலர் பார்த்ததில்லை. கிழித்துப் பார், முறுக்கிப் பார், உற்றுப் பார் என்று குழந்தை தன் கையால் செய்யத்தக்க ஒன்று ஒவ்வொரு வாரமும் இருக்கட்டும். வெப்பமோ காரமோ அமிலமோ தேவைப்படுகிற எதுவும் அதில் வேண்டாம். குழந்தைகள் எழுதி அனுப்பும் கேள்விகளை அவர்களுடைய சொற்களிலேயே, திருத்தாமல் வெளியிட்டு, அடுத்த வாரமே விடை தர இயலுமானால் மிக்க நன்றியுடையவனாவேன். விடை உடனே கிடைக்காத கேள்வியையும் ஒதுக்கிவிடாமல், விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்ற குறிப்போடு அச்சிடலாம்.

தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகன்,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்